திரு/திருமதி/செல்வி

அன்புள்ள ஐயா,

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வது, தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல விடையை எழுதிக்கொடுக்கும் ஸ்க்ரைபை அனுப்புவது என்று ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். தன்னார்வலர்கள் அறுபது பேர், பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். டிசம்பர் 5 தன்னார்வலர் நாளன்று மண்டபம் பிடித்து, சிறப்பு விருந்தினரை அழைத்து, எல்லோருக்கும் சால்வையும் ஷீல்டும் கொடுக்கலாம் என்றேன். 'பாராட்டை எதிர்பார்ப்பவன் சேவைக்கே வரவேண்டாம்' என்கிறார் எங்கள் அறங்காவலர் ஒருவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் அறங்காவலர் சொன்னது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் உழைப்பைக் கொடுப்பவர். வாங்கிக்கொள்கிறவர் சொன்னால் அது கஞ்சத்தனம்.

அதற்காக ஷீல்டுக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று எண்ண வேண்டாம். ஒரு அமைப்பு எனக்குக் கொடுத்த சான்றிதழ் வீட்டில் எங்கோ கிடக்கிறது. திரு/திருமதி/செல்வி என்று மூன்றும் அச்சாகியிருக்கும், எதையும் அடிக்கவில்லை. என் பெயரிலும் ஓர் எழுத்து தப்பு. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். அவருக்குப் போர்த்திய சால்வை எனக்குப் போர்த்தியதைவிடப் பெரிது. (சால்வையை வைத்து என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை.)

கல்லூரி முதலாண்டில் நானும் ஸ்க்ரைபாக உட்கார்ந்திருக்கிறேன். இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு, வரலாற்றுத் தாள். கேள்வியை இரண்டு முறை படிக்கச் சொல்வார். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அப்புறம் நிற்காமல் கொட்டுவார். கடைசி மணியில் என் கை தளர்ந்துவிட்டது. பேனா சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, "கை வலிக்குதா? ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க, டைம் இருக்கு" என்றார். சில மாதங்கள் கழித்து என் விடுதிக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. யாரிடமோ சொல்லி எழுதியிருந்தார்: "நமக்கு 67."

அந்த 'நமக்கு'தான் நான் வாங்கியதிலேயே பெரிய பாராட்டு. பெரும்பாலான அமைப்புகள் இதைத்தான் கோட்டைவிடுகின்றன. தேர்வு எழுதிக்கொடுத்த பெண்ணுக்கு அந்த மாணவர் பாஸா, ஃபெயிலா என்பதே தெரியாது. உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா? மாணவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அவர்களையே பேசச் சொல்லுங்கள். ஃபோனில், மேடையில் அல்ல. பார்வையற்ற பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து நன்றி சொல்ல வைக்கும் விழாக்களைப் பார்த்தாலே எனக்குக் கூசும்.

இன்னொன்று, அவர்கள் கைக்காசு. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேர்வர் தானே அழைத்துவரும் ஸ்க்ரைபின் படிப்பு அவருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டியிருந்தது; 2025-இல் அந்த வழிகாட்டுதல் மாறிய பிறகும் படிப்பு குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆசையோடு வந்தாலும் பட்டப்படிப்புத் தேர்வுக்கு அவரை உட்கார வைக்க முடியாது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத்தான் தேடவேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்பதால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். போக வர பஸ், சாப்பாடு, அன்றைய வகுப்பு, அட்டென்டன்ஸ் எல்லாம் அந்தப் பிள்ளையின் கணக்கில்தான் போகின்றன. ஷீல்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பஸ் காசைக் கொடுங்கள், அவர்கள் கேட்பதற்கு முன்னால். கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதமும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவைக் கணக்கு இருக்கிறது; வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் உதவும். எத்தனை தேர்வு, எத்தனை மணி நேரம், எந்தப் பாடத்தை ஒலிப்பதிவு செய்தார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பெயரை அவர்களிடமே ஒருமுறை காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

விழா கட்டாயம் வேண்டுமென்றால் நல்ல சாப்பாடு போடுங்கள், பேச்சைக் குறையுங்கள். ஆனால் டிசம்பர் 5 வேண்டாம். உங்கள் தன்னார்வலர்களில் பாதிப் பேருக்கு அது செமஸ்டர் நேரம். ஒன்று தங்கள் தேர்வை எழுதிக்கொண்டிருப்பார்கள், இல்லை உங்கள் மாணவர்களின் தேர்வை. ஜனவரியில், பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு ஒன்றைப் பாருங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே?