118 தனிமங்களையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: என் மகள் குடியாத்தத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். டியூஷனில் தனிம வரிசை அட்டவணையில் இருக்கும் 118 பெயர்களையும் வரிசையாக ஒப்பிக்கச் சொல்கிறார்கள். ராத்திரி ஒப்பிக்கிறாள், காலையில் பாதி மறந்துவிடுகிறது. கணக்கு போட உட்கார்ந்தால் அணு நிறையும் நினைவுக்கு வருவதில்லை. நீட் எழுத ஆசைப்படுகிறாள். எனக்கும் அவள் அப்பாவுக்கும் வேதியியல் தெரியாது. அவர் பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் வேலை பார்க்கிறார். நாங்கள் எப்படி உதவுவது? வீட்டுச் சுவரில் ஒட்ட எந்த மாதிரி சார்ட் வாங்கலாம்?

பதில்:

முதலில் அந்த ஒப்பித்தலை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. 97ஆவது தனிமம் பெர்கிலியம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற பிள்ளை, பேரியத்தின் இணைதிறன் (மற்ற அணுக்களோடு சேரும் திறன்) என்ன என்று கேட்டால் விழிக்கும். தேர்வில் வருவது இரண்டாவது கேள்விதான். எந்தத் தனிமம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அங்கே உட்கார்ந்ததால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லத்தான் அந்த அட்டவணையே இருக்கிறது. ஒரே மூச்சில் ஒப்பிக்கும்போது அந்த இடம்தான் முதலில் தொலைந்துபோகிறது.

உங்கள் மகள் மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். ஹைட்ரஜன் முதல் கிரிப்டான் வரை முதல் 36 தனிமங்கள், வரிசையாக. பிறகு 1, 2 மற்றும் 13 முதல் 18 வரையுள்ள தொகுதிகள், அதாவது செங்குத்து நெடுவரிசைகள், ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாக; கடைசியாக இருக்கும் ஏழாவது வரிசையை இதில் விட்டுவிடலாம். அதோடு வெள்ளி, தங்கம், பாதரசம், யுரேனியம் மாதிரி அடிக்கடி வருகிற சில. மொத்தத்தில் பாதி அட்டவணைதான் ஆகிறது. தொகுதியை மேலிருந்து கீழாகப் படிப்பது முக்கியம். ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்று ஒரு குடும்பமாகப் படித்தால், ஒன்றைப் பற்றித் தெரிந்தது மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மீதியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏழே எண்கள் போதும்: 2, 10, 18, 36, 54, 86, 118. இவை எதோடும் எளிதில் சேராத மந்த வாயுக்களின் அணு எண்கள், அதாவது அட்டவணையில் அவற்றின் வரிசை எண்கள். ஒவ்வொன்றும் ஒரு கிடைவரிசையின் கடைசி: 2இல் முதல் வரிசை முடிகிறது, 10இல் இரண்டாவது, இப்படியே 118இல் ஏழாவது. ஓர் அணு எண்ணைக் கொடுத்துவிட்டால் இந்த ஏழை வைத்தே அதன் இடத்தைச் சொல்லிவிடலாம்.

அணு எண் 56 என்று வைத்துக்கொள்வோம். 54ஐத் தாண்டி இரண்டு. ஆகவே ஆறாவது வரிசை, இரண்டாம் தொகுதி. அது பேரியம், கால்சியத்தின் குடும்பம், இணைதிறன் 2. மந்த வாயுவைத் தாண்டி ஒன்று என்றால் முதல் தொகுதி, இரண்டு என்றால் இரண்டாம் தொகுதி. அதற்கு மேல் போனால் பின்னாலிருந்து எண்ண வேண்டும். அயோடின் 53: வரப்போகும் மந்த வாயு 54, வித்தியாசம் 1, 18இல் ஒன்று போனால் 17ஆம் தொகுதி. தங்கம் 79: 86இல் 79 போனால் 7, 18இல் 7 போனால் 11ஆம் தொகுதி. செம்பும் வெள்ளியும் இருக்கிற அதே தொகுதி. ஈயம் 82: வித்தியாசம் 4, தொகுதி 14, கார்பனின் குடும்பம். வித்தியாசம் 15ஐத் தாண்டினால், அது அட்டவணைக்குக் கீழே தனியாக வைத்திருக்கும் லாந்தனைடு, ஆக்டினைடு வரிசைகளைச் சேர்ந்தது. ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதை நீங்களே வீட்டில் விளையாட்டாக நடத்தலாம். நீங்கள் ஓர் எண் சொல்லுங்கள். அவள் வரிசை, தொகுதி, அதே தொகுதியில் இருக்கும் இன்னொரு தனிமம் ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். விடை சரியா என்று பார்க்க உங்களுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சார்ட்டைப் பார்த்தால் போதும்.

சரி, அணு நிறைக்கு வருவோம். தேர்வு அறைக்குள் அட்டவணையைக் கொண்டுபோக முடியாது, நீட்டில் கால்குலேட்டரும் கிடையாது. ஆனால் முதல் இருபது தனிமங்களின் நிறையைத் தனித்தனியாக நெட்டுருப் போட வேண்டாம். அணு எண் இரட்டைப்படை என்றால் அதை இரண்டால் பெருக்கினால் போதும்: கார்பன் 6, நிறை 12, ஆக்சிஜன் 8, நிறை 16, கந்தகம் 16, நிறை 32, கால்சியம் 20, நிறை 40. ஒற்றைப்படை என்றால் இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டினால் வந்துவிடும்: சோடியம் 11, நிறை 23, அலுமினியம் 13, நிறை 27, பாஸ்பரஸ் 15, நிறை 31, பொட்டாசியம் 19, நிறை 39. இந்தக் கணக்குக்கு அடங்காதவை ஐந்துதான்: ஹைட்ரஜன் 1, பெரிலியம் 9, நைட்ரஜன் 14, குளோரின் 35.5, ஆர்கான் 40. இந்த ஐந்தை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினால் போதும். இருபதுக்கு மேல் இரும்பு 56, செம்பு 63.5, துத்தநாகம் 65, வெள்ளி 108 ஆகியவை கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும்.

குளோரினுக்கு ஏன் அரை என்று அவள் கேட்டால் நல்லது. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் முக்கால் பங்கு அணுக்கள் நிறை 35 உடையவை, கால் பங்கு 37 உடையவை. சராசரி 35.5. ஆர்கானும் ஒரு நல்ல கேள்வியைக் கிளப்பும்: நிறை 40 உள்ள ஆர்கான், நிறை 39 உள்ள பொட்டாசியத்துக்கு முன்னால் ஏன் நிற்கிறது? 1869இல் மெண்டலீவ் அணு நிறையை வைத்துத்தான் தனிமங்களை அடுக்கினார். சரியான அடுக்கு அணு எண்ணின்படி, அதாவது புரோட்டான் எண்ணிக்கையின்படிதான் என்று 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர் ஆய்வில் காட்டினார்.

அடுத்து, பதினொன்றாம் வகுப்பில் எல்லோரும் தடுமாறுகிற இடம்: அணு ஆரம் எங்கே கூடும், அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) எங்கே குறையும் என்கிற அம்புக்குறிகள். நான்கு அம்புக்குறிகளை நான்கு தனிப் பாடமாகப் படிக்கிறார்கள். காரணம் இரண்டுதான். ஒரு வரிசையில் வலப்பக்கம் போகப் போக உட்கருவில் புரோட்டான் கூடுகிறது, எலக்ட்ரான்கள் அதே கூட்டில்தான் சேர்கின்றன. ஆகவே இழுப்பு கூடி அணு சுருங்குகிறது, எலக்ட்ரானைப் பிடுங்குவது கடினமாகிறது. தொகுதியில் கீழே இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு புதுக் கூடு சேர்கிறது; அணு பெரிதாகிறது, வெளி எலக்ட்ரானைப் பிடுங்குவது சுலபமாகிறது. இந்த இரண்டையும் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அம்புக்குறி தேவைப்படாது.

விதிவிலக்குகளை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும், கேள்வி எடுப்பவர்களுக்கு அவை ரொம்பப் பிடிக்கும். நைட்ரஜனின் முதல் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 1402 கிலோஜூல்; அடுத்து நிற்கும் ஆக்சிஜனுக்கு 1314தான். நைட்ரஜனின் மூன்று பி எலக்ட்ரான்களும் ஆளுக்கு ஓர் ஆர்பிட்டாலில் (கூட்டுக்குள் எலக்ட்ரான் இருக்கும் இடம்) சமமாக நிற்பதால் அந்த அமைப்பைக் கலைப்பது கடினம். பெரிலியத்துக்கும் போரானுக்கும் இடையிலும் இதே மாதிரி ஓர் இறக்கம் உண்டு.

அட்டவணையில் இடம் தெரிந்தால் குணம் தெரியும் என்பதில் அவளுக்கு நம்பிக்கை வர, காலியத்தின் கதையைச் சொல்லுங்கள். மெண்டலீவ் அலுமினியத்துக்குக் கீழே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, அங்கே வரப்போகும் தனிமத்தின் நிறை 68 அளவில் இருக்கும், அடர்த்தி 5.9 இருக்கும் என்று எழுதி வைத்தார். 1875இல் பிரான்சில் லெகோக் டி புவாபோத்ரான் அந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்து, அடர்த்தி 4.7 என்று அளந்தார். இன்னும் சுத்தப்படுத்தி மறுபடி அளக்கச் சொன்னார் மெண்டலீவ். அளந்தபோது 5.9 வந்தது. பொருளைக் கண்ணால் பார்க்காதவர் சொன்னது சரி, கையில் வைத்திருந்தவரின் முதல் அளவு தவறு. அந்தக் காலியம் 29.8 டிகிரியில் உருகிவிடும். நம் வேலூர் மே மாத வெயிலில் அது திரவம்தான்! சீசியமும் அப்படியே, 28.5 டிகிரி. அறை வெப்பநிலையில் திரவமாக இருப்பவை புரோமினும் பாதரசமும் மட்டும் என்று புத்தகம் சொல்வது 25 டிகிரியை மனதில் வைத்து.

இனி அவள் அப்பாவிடம் வருவோம். வேதியியல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். டேனரியில் வேலை பார்ப்பவருக்கு அட்டவணையின் பல கட்டங்கள் கைப்பழக்கத்திலேயே தெரியும். அவற்றின் பெயர்தான் வேறாக இருக்கும். ஒரு நாள் அவரை வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லச் சொல்லி, மகளைத் தனிமங்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு போடுகிறார்கள்: சோடியம், குளோரின். 1ஆம் தொகுதியும் 17ஆம் தொகுதியும் சேர்ந்தது. அப்புறம் முடியை எடுக்க சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும்: கால்சியம், கந்தகம். சுண்ணாம்பை எடுக்கப் போடும் அம்மோனியம் உப்பில் நைட்ரஜன். அடுத்து உப்போடு கந்தக அமிலம். கடைசியில் டிரம்மில் குரோம் பவுடர், அதாவது குரோமியம் சல்பேட். தோல் வெளிர் நீலமாக வெளியே வருகிறது. வெட் புளூ என்று அவரே சொல்வார். அந்த நீலம் குரோமியம் தந்த நிறம்.

குரோமியத்தின் அணு எண் 24. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் நான்காவது வரிசை, 6ஆம் தொகுதி, இடைநிலைத் தனிமம். இடைநிலைத் தனிமங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்சிஜனேற்ற நிலைகளை (சேர்மத்தில் எத்தனை எலக்ட்ரானை விட்டுக்கொடுத்தது என்ற கணக்கு) காட்டும், பல நிறங்களைத் தரும் என்று பாடத்தில் ஒரு வரி வரும். நம் பகுதியில் அந்த ஒரு வரி உயிர்ப் பிரச்சினை. தோலைப் பதப்படுத்துவது மூன்று என்ற நிலையில் இருக்கும் குரோமியம். ஆறு என்ற நிலைக்குப் போனால் மஞ்சள், ஆரஞ்சு நிறம் வரும், புற்றுநோயை உண்டாக்கும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது இந்த ஆறாம் நிலையால்தான். அது உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கும் அட்டவணையில் விடை இருக்கிறது. 6ஆம் தொகுதி குரோமியத்துக்கும் 16ஆம் தொகுதி கந்தகத்துக்கும் பிணைப்பில் ஈடுபடக்கூடிய எலக்ட்ரான்கள் ஆறாறு. ஆகவே குரோமேட்டும் சல்பேட்டும் ஒரே வடிவம். சல்பேட் என்று நினைத்து நம் செல்கள் குரோமேட்டை உள்ளே விட்டுவிடுகின்றன.

இன்னொன்று, இதை அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆக்சிஜனும் கந்தகமும் ஒரே தொகுதி. இரண்டு ஹைட்ரஜனோடு ஓர் ஆக்சிஜன் சேர்ந்தால் தண்ணீர். இரண்டு ஹைட்ரஜனோடு ஒரு கந்தகம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு. சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஆசிட் தண்ணீர் கலந்தால் இந்த வாயு கிளம்பும். அதன் நிறை என்ன? இரண்டும் முப்பத்திரண்டும் சேர்ந்து 34. காற்றின் சராசரி 29. காற்றைவிடக் கனம் என்பதால் குழியிலும் தொட்டியிலும் அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, உயிர் போய்விடும். நாற்றம் இல்லை என்று நம்பி யாரும் தொட்டியில் இறங்கக் கூடாது. இந்த ஒரு கூட்டல் கணக்கை அவள் அப்பாவுக்குப் போட்டுக் காட்டட்டும்.

ஐசோடோப்பு (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் அணுக்கள்) பாடத்துக்கும் தூரம் போக வேண்டாம். வீட்டு உப்பில் இருக்கும் அயோடினின் நிறை 127. 53 புரோட்டான், 74 நியூட்ரான். வேலூர் சிஎம்சி மாதிரியான மருத்துவமனைகளில் தைராய்டு நோய்க்குக் கொடுப்பது அயோடின் 131. அதே 53 புரோட்டான், நியூட்ரான் மட்டும் 78. வேதிக் குணம் எலக்ட்ரான்களால் வருவதால் தைராய்டு சுரப்பிக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் ஒரே மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். கதிர்வீச்சு அங்கேயே வேலை செய்கிறது. எட்டு நாளில் பாதி தீர்ந்துவிடும்.

சார்ட் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். தொகுதிகளுக்கு 1 முதல் 18 வரை எண் போட்டிருக்க வேண்டும். ரோமன் எண்ணும் ஏ, பி எழுத்தும் மட்டும் போட்டது பழைய முறை, பிள்ளை குழம்பும். 113ஆம் கட்டத்தில் நிஹோனியம் என்றும் 118இல் ஒகனெசான் என்றும் அச்சாகியிருக்க வேண்டும். இந்தப் பெயர்கள் 2016இல் வந்தவை. மூன்றெழுத்துத் தற்காலிகக் குறியீடு இருந்தால் அந்த சார்ட் அதற்கு முந்தையது. மூன்றாவது, கட்டத்துக்குள் அணு எண்ணும் நிறையும் குறியீடும் தள்ளி நின்று படிக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். தனிமங்களின் படம் போட்ட பளபளப்பான சார்ட்டுகளில் எண்கள் எறும்பு அளவுக்குத்தான் இருக்கும், அவை வேண்டாம். சில நிறைகள் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள்: அவை நிலையான அணு இல்லாத கதிரியக்கத் தனிமங்கள், நீண்ட ஆயுள் உள்ள ஐசோடோப்பின் நிறை எண்ணை அப்படிப் போடுவார்கள்.

ஒட்டிய பிறகு, வாரம் ஒரு நாள் வெற்றுக் கட்டங்கள் மட்டும் வரைந்த தாளில் முதல் 36ஐ அவளே நிரப்பட்டும். எங்கே விடுபடுகிறது என்று அந்தத் தாளே காட்டிவிடும். அடுத்த வாரம் விடுபட்ட அந்த இரண்டு மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.