விசில் அடிக்க ஒரு சீன் கூட இல்லையா?

கேள்வி: நீங்க அடிக்கடி எழுதறீங்களேன்னு 1931ல வந்த 'எம்'ங்கற ஜெர்மன் படத்தைத் தேடிப் பிடிச்சுப் பாத்தேன். போலீஸும் ரவுடிங்களும் தனித்தனியா ஒரு கொலைகாரனைத் தேடற கதை. பேக்ரவுண்ட் மியூசிக் இல்ல, ஹீரோ இல்ல, விசில் அடிக்க ஒரு சீன் கூட இல்ல. இதை ஏன் தலைல தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறீங்க?
– ஒரு கல்லூரி மாணவர், கரூர்

பதில்: தம்பி, மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், அந்த 'விசில்'ங்கற வார்த்தையை எப்படி எழுதினீங்க? உலகத்துல எந்தப் படத்துக்கு வேணா அதைச் சொல்லுங்க, இதுக்குச் சொல்லாதீங்க. இந்தப் படமே விசில்ல ஓடற படம். கொலைகாரன் மாட்டறதே விசிலாலதான்!

எங்க பாட்டி ராத்திரில வீட்டுக்குள்ள யாராவது விசில் அடிச்சா அடுப்படில இருந்தே கத்தும், "அடிக்காதடா, பாம்பு வரும்"னு. உங்க வீட்லயும் சொல்லியிருப்பாங்க. அதுல உண்மை இருக்கா இல்லையாங்கறது வேற விஷயம், ஆனா அந்த பயம் எனக்கு இன்னும் உடம்புல இருக்கு, இருட்டுல விசில் கேட்டா கால் தானா தரையைப் பாக்கும். இந்தப் படத்தோட டைரக்டர் லாங் அந்த பயத்தைத்தான் எடுத்து வெச்சிருக்காரு. இங்க விசில் கேட்டா பாம்பு வரும்ங்கறதில்ல, பாம்பேதான் விசிலடிச்சுக்கிட்டு வருது.

ஃப்ரிட்ஸ் லாங்குக்கு இது முதல் பேசும் படம். நம்ம ஊர்லயும் அதே 1931தான், அக்டோபர் 31 அன்னிக்கு சென்னை கினிமா சென்ட்ரல்ல 'காளிதாஸ்' வந்துது, பேச வந்த சினிமா பாட ஆரம்பிச்சு பாடிக்கிட்டே இருந்துது, டி.பி. ராஜலட்சுமியைக் கேக்கறதுக்காகவே ஜனம் போச்சு, அதுல தப்பும் இல்ல. ஆனா அதே வருஷம் மே மாசம் பெர்லின்ல இந்த மனுஷன் சத்தம் கையில கிடைச்ச உடனே அதை எங்க நிறுத்தணும்னு யோசிச்சிருக்காரு பாருங்க. படத்துல பல இடத்துல தெருவே ஊமையா கிடக்கும், கார் ஹாரன் கூட இருக்காது. அதுக்கு நடுவுல ஒரு விசில். 'பியர் கிண்ட்'ங்கற நாடகத்துக்காக நார்வே இசையமைப்பாளர் க்ரீக் போட்ட மெட்டு, மலை ராஜா மண்டபத்துல வாசிக்கறது. கொலைகாரனா நடிச்ச பீட்டர் லோரிக்கு விசில் அடிக்க வராது, அதனால லாங்கே அடிச்சதுன்னு சொல்வாங்க. லேசா சுருதி விலகி வரும். அந்த விலகல்தான் அந்த ஆளு.

முதல் பத்து நிமிஷத்தை மறுபடி போட்டுப் பாருங்க. எல்சின்னு ஒரு சின்னப் பொண்ணு ஸ்கூல் விட்டு வரா, கைல பந்து. தெருவுல ஒரு போஸ்டர் தூண், கொலைகாரனைப் பிடிச்சா 10,000 மார்க் பரிசுன்னு ஒட்டியிருக்கு, அந்த போஸ்டர் மேலயே பந்தை அடிச்சு அடிச்சு பிடிக்கறா. போஸ்டர் மேல ஒரு தொப்பி போட்ட நிழல் விழுது. 'பந்து அழகா இருக்கே, உன் பேர் என்ன'ன்னு ஒரு குரல். அவ்வளவுதான். ஆளைக் காட்டல. அப்பறம் பார்வை தெரியாத ஒரு பலூன்காரன்கிட்ட பலூன் வாங்கித் தரான், விசில். இங்க வீட்ல அம்மா துணி துவைச்சு முடிச்சு, தட்டு எடுத்து வெச்சு, கடிகாரத்தைப் பாத்து பாத்து, கடைசில "எல்சி"ன்னு கூப்பிடறா. காலி மாடிப்படி. துணி காயற பரண். சாப்பிடாத தட்டு. புல்லுல உருண்டு வர்ற பந்து. கம்பில மாட்டின பலூன், அதுவும் பறந்து போயிடுது. கொலையை ஒரு ஃப்ரேம் கூட காட்டல, ரத்தம் இல்ல, அழுகை இல்ல, வயலின் இல்ல. எனக்கு இன்னிக்கு வரைக்கும் அந்தத் தட்டைப் பாத்தா தொண்டை அடைக்கும். இதுல மியூசிக் போட்டிருந்தா அது நமக்காக அழுதிருக்கும், நாம சும்மா உக்காந்திருப்போம். இப்ப வர்ற போலீஸ் ரவுடிப் படங்கள்ல ஒருத்தன் கார் கதவைத் திறந்தா கூட நூறு ட்ரம் அடிக்கறாங்க, அதைப் பத்தி இந்தப் பக்கத்துலயே எத்தனை தடவை எழுதியாச்சு, கேக்கத்தான் ஆள் இல்ல.

போலீஸ் பக்கம் லோமன்னு ஒரு இன்ஸ்பெக்டர், குண்டு, வாயில எப்பவும் சுருட்டு. அந்தக் காலத்து பெர்லின் கொலை வழக்குப் பிரிவுக்குத் தலைவரா இருந்த எர்ன்ஸ்ட் கென்னட்டை வெச்சு எழுதின பாத்திரம். 'சீரியல் கில்லர்'னு இன்னிக்கு நாம சொல்றோமே, அதோட ஜெர்மன் வார்த்தையை டுசெல்டார்ஃப் கொலைகாரன் பீட்டர் குர்ட்டன் கேஸைப் பத்தி எழுதறப்ப பயன்படுத்தினவர் அந்த கென்னட். ரவுடிங்க பக்கமும் கற்பனை இல்ல. பெர்லின்ல குற்றவாளிங்க சங்கமே வெச்சிருந்தாங்க, வெளிய பாத்தா பொழுதுபோக்கு கிளப்பு, சேமிப்பு சங்கம், உள்ள போனா ஜெயிலுக்குப் போனவன் குடும்பத்துக்குப் பணம், வக்கீல் ஃபீஸ், செத்தா ஊர்வலம். ஒரு சங்கத்தோட பேரே 'என்றும் விசுவாசம்'ங்கற அர்த்தத்துல இருந்துது. படத்துல வர்ற ரவுடிங்க குழந்தை மேல பாசம் பொங்கி கொலைகாரனைத் தேடல. தினம் ராத்திரி ரெய்டு வருது, தொழில் படுத்துப் போச்சு, அதான். ஊர்ல இருக்கற பிச்சைக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு தெருன்னு பங்கு பிரிச்சுக் கொடுத்து நோட்டம் விட வைக்கறாங்க. போலீஸ் கமிஷனர் ரூம்லயும் மீட்டிங், ரவுடித் தலைவன் ஷ்ரெங்கர் தலைமைல இன்னொரு ரூம்லயும் மீட்டிங், ரெண்டு ரூம்லயும் ஒரே சுருட்டுப் புகை, இங்க ஒருத்தன் கையை நீட்ட ஆரம்பிச்சா அங்க ஒருத்தன் அதை முடிக்கறான். வசனமே இல்லாம ஒரு வெட்டுல ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வெச்சுட்டாரு.

விசிலுக்கு வரேன். அந்த பலூன்காரன் இன்னொரு நாள் அதே மெட்டைக் கேக்கறான். எல்சி செத்த அன்னிக்குக் கேட்ட விசில். ஊரே கண்ணைத் திறந்து வெச்சுத் தேடுது, பிடிச்சுக் கொடுத்தது கண் தெரியாதவன் காது. அவன் ஒரு பையனை அனுப்பறான், பையன் உள்ளங்கைல சாக்பீஸால 'எம்'னு எழுதிக்கறான், ஜெர்மன்ல கொலைகாரனுக்கு முதல் எழுத்து. கொலைகாரன் ஆரஞ்சு உரிச்சுட்டு தோலைக் கீழ போடறான், பையன் அதுல வழுக்கற மாதிரி நடிச்சு அவன் தோள்ல ஒரு தட்டு தட்டி 'தோலை இப்படிப் போடறியே'ன்னு திட்டிட்டுப் போயிடறான். பயத்துல கொலைகாரன் கைல இருந்த கத்தி கீழ விழுது. கூட இருக்கற குட்டிப் பொண்ணு குனிஞ்சு எடுத்து அவன்கிட்டயே கொடுக்கறா! அப்பறம் அவதான் சொல்றா, 'மாமா, சட்டைல அழுக்கு'ன்னு. இதுக்கு மேல என்ன சீன் வேணும் தம்பி?

இதுக்கு நடுவுல ஒண்ணு, தலைப்புக்கு சம்பந்தம் இல்லன்னாலும் சொல்லியே ஆகணும். லாங்கோட சேர்ந்து இந்தக் கதை எழுதினது அவர் மனைவி தேயா வான் ஹார்பூ. பின்னாடி அந்தம்மா நாஜிக் கட்சில சேந்துட்டாங்க, லாங் 1933ல நாட்டை விட்டே போயிட்டாரு. விவாகரத்துக்கு அப்பறம் அந்தம்மா ரகசியமா கட்டிக்கிட்டது பெர்லின்ல இருந்த ஒரு இந்தியரை, ஆயி டெண்டுல்கர்னு பேர். நாஜிக் கட்சி மெம்பர், இந்தியப் புருஷன், அந்தக் கல்யாணத்தை வெளிய சொல்ல வழியே இல்ல. கதை எழுதறவங்க வாழ்க்கைல இருக்கற கதையை யாருமே எடுக்க மாட்டேங்கறாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம்.

சரி, நீங்க கேட்ட அந்த இன்னொரு விசிலுக்கு வரேன். தியேட்டர்ல அடிக்கற விசில். குற்றவாளியை சுட்டுத் தள்ளற சீனுக்குக் கை தட்டாதீங்கன்னு ரெண்டு வருஷம் முன்னாடி இதே பக்கத்துல எழுதினதுக்கு எனக்கு வந்த திட்டு இருக்கே, 'உங்க வீட்டுக் குழந்தைக்கு நடந்தா தெரியும்'னு எழுதினவங்கதான் நிறைய. லாங் அந்தக் கேள்வியை அப்பவே படத்துக்குள்ள வெச்சுட்டாரு. ரவுடிங்க அவனைப் பிடிச்சு ஒரு பாழடைஞ்ச சாராய ஆலைக்குள்ள கொண்டு போய் கோர்ட் நடத்தறாங்க. நீதிபதி யாரு? ஷ்ரெங்கர், கொலைக் கேஸ்ல போலீஸ் தேடிக்கிட்டு இருக்கற ஆள். சுத்தி நூத்துக்கணக்குல ஜனம், 'கொல்லு'ன்னு கத்துது. அவன் மண்டி போட்டுக் கதறறான், தெருவுல நடக்கறப்ப பின்னாடியே ஒருத்தன் வரான், அது நான்தான், என்கிட்ட இருந்து நானே ஓட முடியலன்னு. லோரி முகத்தைப் பாருங்க, முட்டைக் கண்ணு பிதுங்கி வெளிய வந்துரும் போல. அந்த நிமிஷம் உங்களுக்கு அவன் மேல இரக்கம் வரும், வந்ததுக்காக உங்க மேலயே உங்களுக்குக் கோபம் வரும். அதை ரெண்டையும் சேர்த்துத் தாங்கிக்கிட்டு உக்காரணும், அதுக்குத்தான் அங்க விசில் வராது. இதே கதறலைத்தான் நாஜிங்க 1940ல வெட்டி எடுத்து, யூத வெறுப்புப் பிரச்சாரப் படம் ஒண்ணுல ஒட்டினாங்க, பாருங்க யூதன் எப்படிப் பேசறான்னு. லோரி யூதர், அவர் 1933லயே தப்பிச்சுப் போயாச்சு. நடிப்பை வாக்குமூலமா காட்டினவங்களுக்கும், சந்தேகப்படற எவனையும் சுடுன்னு கத்தறவங்களுக்கும் எனக்கு ரொம்ப தூரம் தெரியல. 1934ல இந்தப் படத்தையே தடை பண்ணிட்டாங்க.

அந்த ஆலை சீனோட முடிவுல கூட்டம் அவன் மேல பாயறப்ப திடீர்னு எல்லார் கையும் மேல போகும். போலீஸ் வந்தாச்சு, ஆனா போலீஸைக் காட்ட மாட்டாரு. ஒரு கை மட்டும் வந்து அவன் தோள்ல விழும், சட்டத்தின் பேரால. அவன் தோள்ல விழற மூணாவது கை அது. முதல்ல சாக்பீஸ் பையன் கை, அப்பறம் ஆலைக்குள்ள பலூனோட வந்து நிக்கற பார்வையில்லாதவன் கை, இப்ப இது. அடுத்த தடவை பாக்கறப்ப கைகளை மட்டும் பாருங்க.

நான் இதை முதல்ல பாத்தது ஒரு ஃபிலிம் சொசைட்டில, மாடி ஹால், மடக்கு நாற்காலி, ப்ரொஜெக்டர் சத்தம் வேற. முடிஞ்சு வெளிய வர்றப்ப மணி ஒன்பதரை. பஸ் ஸ்டாப்புல பத்துப் பன்னெண்டு பேர் நின்னோம், யாரும் யார்கிட்டயும் பேசல. பின்னாடி இருட்டுல எங்க கூட்டத்துல ஒருத்தன்தான், யோசிக்காம அந்த மெட்டை வாயில எடுத்தான். நாங்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல திரும்பினோம். பாவம், அவன் பாதியிலேயே நிறுத்தி வாயைக் கையால மூடிக்கிட்டான்.