பள்ளி வாசல் சாலைக்கு யாரிடம் நிதி கேட்பது?

கேள்வி: எங்கள் பகுதிப் பள்ளி வாசலில், பேருந்து ஓடும் சாலையைக் கடக்கும் பிள்ளைகள் அடிக்கடி அடிபடுகிறார்கள். கவுன்சிலரைக் கேட்டால் வார்டு நிதி போதாது என்கிறார். வேறு எங்கே கேட்கலாம்?
– வாசகி ஒருவர், வேளச்சேரி

பதில்: அந்தச் சாலை யாருடையது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சென்னையில் உட்புறத் தெருக்களை மாநகராட்சியின் மண்டல அலுவலகமும், பேருந்துத் தடச் சாலைகளை அதே மாநகராட்சியின் தனித் துறையும் கவனிக்கின்றன. பெரிய சாலைகள் பல மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. மனு தவறான மேசைக்குப் போனால், 'எங்கள் வரம்பில் இல்லை' என்ற ஒற்றை வரிப் பதிலுக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

கவுன்சிலர் நிதியைத் தவிர, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உண்டு. போக்குவரத்து அபராதத் தொகையை ஆதாரமாகக் கொண்ட மாநில சாலைப் பாதுகாப்பு நிதியும் இருக்கிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் மனுவின் நகலை அனுப்புங்கள்.

ஆனால் பணத்தைவிட முன்னதாகக் கேட்கப்படுவது விபத்துக் கணக்கு. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த விபத்துகள் 5 அல்லது உயிரிழப்புகள் 10 இருந்தால் அதை விபத்துக் கரும்புள்ளி என்று மத்திய அமைச்சகம் வரையறுக்கிறது. ஏறக்குறைய இதே கண்ணோட்டத்தில்தான் மற்ற சாலைகளும் பார்க்கப்படுகின்றன. வண்டிக்காரர் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து, காவல் நிலையத்துக்குப் போகாமலே பேசி முடித்த விபத்து எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆகவே சிறிய காயமானாலும் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைக்கும்படி பெற்றோர் சங்கத்தில் சொல்லுங்கள். நிதி கேட்கும்போது அந்த ரசீதுகள்தான் உங்களுக்காகப் பேசும்.

வேகத்தடை மட்டும் போதும் என்றும் எழுதிவிடாதீர்கள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. நம் தெருக்களில் இரவோடு இரவாகக் கொட்டப்படும் தார்க் குவியலோ, ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பைத்தான் சோதிக்கிறது. நடைபாதை, மேடாக்கிய கடவைப் பாதை, எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றைச் சேர்த்து, பாதுகாப்புத் தணிக்கை நடத்தி செலவு மதிப்பீடு தயாரிக்கும்படி கேளுங்கள். மதிப்பீடு இல்லாத கோரிக்கைக்கு எந்த அதிகாரியாலும் நிதி ஒதுக்க முடியாது.

கேள்வி: அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கென மத்திய அரசே ஊராட்சிகளுக்குப் பணம் தருகிறதாமே?
– வாசகர் ஒருவர், பெரம்பூர்

பதில்: உண்மைதான். 2021-ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ், ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கி, நகராட்சிகளும் மாவட்ட நிர்வாகங்களும் நேரடியாக விண்ணப்பிக்க வழி செய்தார்கள். செலவில் 80 சதவீதம் வரை மத்திய அரசுடையது, மீதி உள்ளூரின் பங்கு. எனக்குப் பிடித்த அம்சம் வேறு: திட்டம் தீட்டுவதற்கே தனி மானியம் உண்டு, தகுதியான செயல்திட்டம் இல்லாத ஊருக்குக் கட்டுமான மானியம் கிடையாது. இங்கே தமிழகம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களின் சாலைப் பாதுகாப்புக்கு உலக வங்கி 2022-இல் 25 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. அது மாநிலங்களின் வழியாக வருவது, வார்டு அளவில் யாரும் விண்ணப்பிக்கக்கூடியது அன்று.