24 மணித்தியாலம் என்று யார் சொன்னது?

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு குமர்ப்பிள்ளை தையல் வகுப்புக்குப் போன இடத்தில் காணாமல்போய் ஏழு மாதமாகிறது. அன்றிரவே தாய் பொலிசுக்குப் போனவ. 24 மணித்தியாலம் கழித்து வரச் சொன்னார்களாம். ஊரில் "ஆரோடயோ போயிற்றாள்" என்று கதைக்கிறார்கள். இனியும் துப்புக் கிடைக்குமா, ஐயா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, முதலில் அந்த 24 மணித்தியாலம். அப்படிக் காத்திருக்கச் சொல்லும் விதி இலங்கைச் சட்டத்தில் இல்லை. இல்லாத விதியை நம்பித்தான் எத்தனையோ தாய்மார் முதல் இரவை இழக்கிறார்கள்.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109 ஆம் பிரிவு. குற்றம் பற்றிய தகவலை வாயால் சொன்னாலும் பொலிசார் அதை எழுத வேண்டும். சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். கையெழுத்து அதற்குப் பிறகுதான். ஆகவே கடத்தல் என்ற சந்தேகம் இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லிப் பதிவிக்க வேண்டும். "காணவில்லை" என்று மட்டும் எழுதினால் விசாரணை அங்கேயே படுத்துவிடும். தமிழில் சொன்னதைத் தமிழில் எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி அலுக்கவில்லை, இன்னும் எழுதுவேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தனக்கு விளங்காத எழுத்தின் கீழ் ஒரு தாய் கையெழுத்திடுவது அநியாயம். நேரமும் உடுப்பின் நிறமும் அங்கே பிழைத்தால், கடைகளின் பாதுகாப்புக் கமராவில் தேடுகிறவர் வேறு நேரத்தில் வேறு பிள்ளையைத் தேடுவார்.

கமரா ஏன் அவசரம் என்றால், கடைகளில் கமராப் படத்தைச் சேமிக்கும் பெட்டி பழைய பதிவை அழித்து அதன் மேல்தான் புதியதைப் பதியும். ஹார்ட் டிஸ்க்கின் அளவைப் பொறுத்து ஒரு கிழமை, இரண்டு கிழமை, மிஞ்சினால் ஒரு மாதம். பெட்டியின் மணிக்கூடு பிந்தியோ முந்தியோ ஓடுவதும் வழமை. போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளாவிட்டால் பார்த்தும் பயனில்லை.

ஏழு மாதத்தில் கமராப் பதிவு போயிருக்கும். போன் கம்பனியின் பதிவு இருக்கலாம். பிள்ளையின் போன் வாங்கியபோது வந்த பெட்டியைத் தேடுங்கள். அதன் ஒட்டுத்தாளில் ஐ.எம்.ஈ.ஐ. என்று அந்தப் போனுக்கே உரிய 15 இலக்கங்கள் இருக்கும். அந்தப் போனில் வேறு சிம் போட்டிருந்தால் கம்பனிப் பதிவில் தெரியும். நீதவானின் கட்டளையோடு பொலிசார் அதைப் பெறலாம். அந்த இலக்கத்தை மேலதிக வாக்குமூலமாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

"ஆரோடயோ போயிற்றாள்" என்பதற்கு அலுமாரி பதில் சொல்லும். அடையாள அட்டை, சான்றிதழ்கள், வங்கி அட்டை, நகை, நல்ல உடுப்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் வைத்தபடி இருந்தால் அதையும் வாக்குமூலத்தில் சேருங்கள். தானாகவே போயிருந்தாலும், அவள் உயிரோடு நலமாக இருக்கிறாள் என்று நேரில் பார்த்து உறுதிசெய்வது பொலிசின் வேலை.

பிள்ளையின் பல்துலக்கி, சீப்பு இரண்டையும் யாரும் தொட வேண்டாம். கடதாசி உறையில் போட்டு வையுங்கள். பொலித்தீன் பைக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்தால் மரபணுச் சோதனைக்கு உதவாது. தாய்க்கு இதைச் சொல்வது கொடுமைதான். சொல்லாமல் விடுவது அதைவிடக் கொடுமை.

பொலிஸ் நிலையம் அசையவில்லையென்றால் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு. முறைப்பாட்டுத் திகதியும் பதிவிலக்கமும் எல்லாக் கடிதத்திலும் இருக்க வேண்டும்.

"காதல் விவகாரமா?" என்று கேள்விக்குறி போட்டுத் தலைப்பு வைக்கும் பத்திரிகைகளோடு எனக்குள்ள கோபம் பழையது. பஸ் நிலையத்தில் அந்தப் பிள்ளையைக் கண்டவர் அதை வாசித்ததும் வீட்டுப் பிரச்சினை என்று ஒதுங்கிவிடுவார். ஒரு சாட்சியை அந்தக் கேள்விக்குறி விரட்டிவிடுகிறது. வீட்டுத் தொலைபேசி இலக்கத்தை அச்சிடுவதும் அப்படித்தான்: "பிள்ளை எங்களிடம் இருக்கிறாள், காசு போடுங்கள்" என்று ஏமாற்றுக்காரர் அழைப்பார்கள்.

தாயின் சம்மதக் கடிதம், முகம் தெளிவான அண்மைப் படம், முழு உயரப் படம், அன்று உடுத்திருந்ததன் விபரம், பொலிஸ் நிலையத்தின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை அனுப்புங்கள். அடுத்த இதழில் முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.