குழு உடற்பயிற்சி வகுப்புக்குப் பாட்டு எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஸ்டெப் (தாழ்வான பலகையில் ஏறி இறங்கும் பயிற்சி), ஏரோபிக்ஸ் வகுப்புகள் எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும், பிளேலிஸ்ட் போட உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாகக் குழு வகுப்பு எடுத்து வருவதால் என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன். முதலில் வேகத்தை முடிவு செய்யுங்கள், பாட்டை அப்புறம் தேடுங்கள். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிடித்த பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குள் பயிற்சியைத் திணிக்கப் பார்க்கிறார்கள்.

பாட்டின் வேகமும் ஒரு எடைதான். ஐந்து கிலோ டம்பெல்லை எட்டு கிலோ ஆக்கினால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், முடியாதவர் கீழே வைத்துவிடுவார். பீட், அதாவது தாளத்தின் தட்டு, கூடினால் யாருக்கும் தெரியாது. உடம்பு மட்டும் அதைச் சுமக்கும்.

ஸ்டெப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை அசைவுக்கு நாலு பீட்: ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. நிமிடத்துக்கு 128 பீட் உள்ள பாட்டில் ஒருவர் நிமிடத்துக்கு 32 தடவை பலகையில் ஏறி இறங்குகிறார். 140 பீட் என்றால் 35 தடவை. மூன்றுதானே கூடுகிறது என்று தோன்றும். இப்போது புதிதாக வந்திருக்கும் ஒருவரின் பாதத்தை மட்டும் பாருங்கள். 128இல் முழுப் பாதமும் பலகையில் பதிந்திருக்கும். 140இல் முன்பாதம் விளிம்பைத் தொட்டுவிட்டு ஓடும், குதிகால் வெளியே தொங்கும். இறங்கும்போதும் குதிகாலைத் தரையில் ஊன்ற நேரமிருக்காது, நுனிக்காலிலேயே அடுத்த ஏற்றத்துக்குப் போய்விடுவார். கெண்டைக்கால் வலிக்கிறது என்று அடுத்த வகுப்புக்கு வராமல் போகிறவர்களில் பலர் இப்படித்தான் போகிறார்கள். நீளமான கை கால் உள்ளவர்களுக்கும் வேகம் சிரமம்தான். அதே பீட்டுக்குள் அவர்கள் கை அதிக தூரம் போய்வர வேண்டும். ஜம்பிங் ஜாக் செய்யும்போது கை தலைக்கு மேலே போகாமல் தோளோடு நின்றுவிட்டால், பாட்டு வேகமாகிவிட்டது என்று அர்த்தம்.

அதனால் அறையில் யார் அசைவை முழுமையாகச் செய்யத் திணறுகிறாரோ, அவருக்குப் பொருந்தும் வேகமே வகுப்பின் வேகம். திறமையானவர்களுக்குக் கை அசைவையோ, திருப்பத்தையோ, எடையையோ கூட்டிக் கொடுக்கலாம். அதற்கு வழி நிறைய இருக்கிறது.

நான் வைத்திருக்கும் எல்லைகள் இவை. வார்ம் அப் 120 முதல் 130. ஸ்டெப் 118 முதல் 128, அதிலும் புதியவர்கள் அதிகம் என்றால் 122ஐத் தாண்டுவதில்லை. குதிக்காத ஏரோபிக்ஸ் 130 முதல் 145, குதிக்கும் வகை 150 வரை. எடை தூக்கும் வகுப்புக்கு 110 முதல் 125 போதும். 120 பீட்டில் இரண்டு எண்ணிக்கைக்கு இறங்கி இரண்டு எண்ணிக்கைக்கு எழுந்தால் ஒரு ஸ்குவாட்டுக்கு 2 வினாடி ஆகிறது. அதே பாட்டில் நாலுக்கு இறங்கி நாலுக்கு எழச் சொன்னால் 4 வினாடி. பாட்டை மாற்றாமலே பயிற்சியின் கடுமையை மாற்ற இது நல்ல வழி. கூல் டவுனுக்கு 100க்குக் கீழே.

வேகம் கண்டுபிடிக்க ஆப் தேவையில்லை. 15 வினாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். ஆப்பில் பார்த்தாலும் ஒருமுறை காலைத் தட்டிச் சரிபாருங்கள். 70 என்று காட்டும் பாட்டு உடம்புக்கு 140ஆக இருக்கும், சில நேரம் அதற்கு நேர்மாறாகவும் இருக்கும். சைக்கிள் வகுப்பில் பீட்டைப் பாதியாக்கிப் பார்ப்பது ரொம்ப உதவும். ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு கால் அழுத்தம் என்று வைத்தால், 128 பீட் பாட்டில் பெடல் நிமிடத்துக்கு 64 சுற்று சுற்றும், மேடேறுவதற்குச் சரியான வேகம். 180 பீட் என்றால் 90 சுற்று, சமதளத்துக்குச் சரி.

வேகத்துக்கு அடுத்தது எண்ணிக்கை. நடன அமைப்பு உள்ள எந்த வகுப்பும் 32 எண்ணிக்கைக் கட்டுகளில்தான் ஓடுகிறது, அதாவது நாலு எட்டு. பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எட்டு எட்டாக எண்ணிப் பாருங்கள். புதுக் கட்டு தொடங்கும் இடத்தில் ஏதாவது ஒன்று நடக்கும். சிம்பல் சத்தம் வரும், பாடகர் நுழைவார், புதுக் கருவி சேரும், டிரம்ஸ் ஒரு உருட்டு உருட்டிவிட்டு மறுபடி பிடிக்கும். அந்த முதல் தட்டில் உங்கள் வலது கால் எடுத்து வைத்தால், வகுப்பில் இருப்பவர்கள் எண்ணவே வேண்டாம், அடுத்த மாற்றம் எப்போது என்று அவர்கள் உடம்பே எதிர்பார்க்கும். கட்டு தவறினால் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் பாதிப் பேர் ஒரு பக்கம், மீதிப் பேர் மறுபக்கம் போவார்கள்.

சினிமாப் பாட்டுகளில் சிக்கல் வருவது இங்கேதான். பல்லவி கச்சிதமாக 32இல் உட்காரும். சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையில் நாலு தட்டு கூடும், அல்லது தாளமே நின்று ஒரு புல்லாங்குழல் தனியாகப் போகும். கேட்க அருமையாக இருக்கும், ஆனால் ஒரு காலை முன்னே வைத்து முட்டியை மடக்கி இறங்கும் லஞ்ச் பயிற்சியின் பாதியில் நிற்கிறவருக்கு அது பள்ளம். அப்படிப்பட்ட பாட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எங்கே கூடுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் நின்ற இடத்திலேயே நடக்க விடுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். அதுவும் சரிவராவிட்டால் வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். திஸ்ர நடைப் பாட்டுகளை, அதாவது தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போகிறவற்றை, ஸ்டெப்புக்கும் ஸ்குவாட்டுக்கும் தொடவே வேண்டாம். பக்கவாட்டில் ஆடி அசையும் வார்ம் அப்புக்கும் கடைசி ஸ்ட்ரெச்சுக்கும் அவை அழகாகப் பொருந்தும்.

கொஞ்சம் வேகம் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் நூற்றுக்கு ஐந்து வரை செய்யலாம். அதற்கு மேல் போனால் பாடுகிறவர் குரல் விகாரமாகிவிடுகிறது என்பது என் காதின் தீர்ப்பு.

எல்லோருக்கும் பிடித்த பாட்டை எங்கே வைப்பது? முக்கால் வகுப்பு முடிந்த பிறகு. ஆரம்பத்தில் உற்சாகம் தானாக இருக்கும், அங்கே அதைச் செலவழிக்காதீர்கள். களைப்பு ஏறி, கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கும் நேரத்தில் தெரிந்த பல்லவி வந்தால் முதுகு நிமிர்வதைப் பார்க்கலாம்.

இசை உழைப்பைத் தூண்டும் என்பது பழைய செய்தி. சைக்கிள் பந்தயத்தில் பாண்டு வாசிக்கும்போது வீரர்கள் வேகமாக ஓட்டினார்கள் என்று லெனர்ட் அயர்ஸ் 1911லேயே எழுதினார். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் காஸ்டாஸ் கராகியார்கிஸ் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார். மிதமான உழைப்பில் இசை களைப்புணர்வைக் குறைக்கிறது, உச்சக் கடுமையில் அந்தப் பலன் மங்கிவிடுகிறது என்பது இத்துறை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. மூச்சும் தசையும் கத்தும்போது மூளைக்கு வேறெதுவும் கேட்பதில்லை. ஆனாலும் மனநிலையை இசை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் 20 வினாடி உழைப்பு, 10 வினாடி ஓய்வு என்று போகும் தபாட்டா மாதிரி வகுப்புகளில் பீட்டோடு ஒட்ட வைக்கப் படாத பாடு பட வேண்டாம். அங்கே ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில் செய்யட்டும், பாட்டு பின்னணியில் துடிப்போடு இருந்தால் சரி.

பாட்டின் வரிகளை முழுசாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள். உடம்பைக் கேலி செய்யும் வரி, பெண்களை மட்டமாகப் பேசும் வரி இருந்தால் தாளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தன் உடம்பைப் பற்றிக் கூச்சத்தோடு முதல் முறை அறைக்குள் வந்திருக்கும் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டே குதிக்க வேண்டியதில்லை. புது அசைவு சொல்லிக் கொடுக்கும் பகுதியில் வெறும் வாத்திய இசையே நல்லது, உங்கள் குரலும் பாடகர் குரலும் மோதாது. அடுத்த அசைவை நாலு தட்டுக்கு முன்பே சொல்ல வேண்டியிருக்கிறது, அது கேட்க வேண்டும் அல்லவா?

சவுண்ட் விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. கை நீட்டும் தூரத்தில் நிற்கிறவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால், சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலைத் தொட்டுவிட்டது. 85இல் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைதான் இருக்கலாம் என்று அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்கிறது. மூன்று டெசிபல் கூடக் கூட அந்த நேரம் பாதியாகிறது. 94 என்றால் ஒரே மணி நேரம். வகுப்புக்கு வருகிறவர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார், நாலு வகுப்பு எடுக்கிற உங்கள் காது அங்கேயேதான் இருக்கும். தொண்டையும் அப்படித்தான். ஹெட்செட் மைக் தரச் சொல்லிக் கேளுங்கள், தரும்வரை பாட்டைக் குறைத்து வையுங்கள்.

கடைசியாக உரிமம். ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்களின் தனிநபர் சந்தா சொந்தமாகக் கேட்க மட்டுமே, கட்டணம் வாங்கும் வகுப்பில் ஒலிபரப்ப அது செல்லாது. பொது இடத்தில் இசைக்க உரிமம் இருக்கிறதா என்று ஜிம் நிர்வாகத்திடம் சேரும்போதே கேட்டுவிடுங்கள். உடற்பயிற்சி வகுப்புக்கென்றே 32 கட்டில் இடைவெளி இல்லாமல் கோத்துத் தரும் இசை நிறுவனங்களும் உண்டு. அவற்றை வாங்கும்போதும் அந்த விலையில் எந்த உரிமம் அடங்கும், எது அடங்காது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.