சிகிச்சையும் நிய்யத்தும் (எண்ணமும்): வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் சம்பளத்துக்குப் பணிபுரியும் மருத்துவர் நான். கூலி பெற்றுக்கொண்டு செய்யும் சிகிச்சையில் இக்லாஸ் (அல்லாஹ்வுக்காகவே செய்யும் தூய எண்ணம்) இருக்க முடியுமா?

பதில்: இருக்க முடியும். நபி (ஸல்) அவர்கள் தமக்கு இரத்தம் குத்தி எடுத்த அபூ தைபா (ரலி) அவர்களுக்கு இரண்டு ஸாஉ (ஒரு முகத்தல் அளவு) உணவுப் பொருளைக் கூலியாகக் கொடுக்கச் செய்தார்கள். விஷக்கடிக்கு ஆளான ஒரு குலத்தலைவருக்கு குர்ஆனின் முதல் அத்தியாயமான சூரத்துல் ஃபாத்திஹாவை ஓதிப் பார்த்து, பேசியபடி ஆடுகளைப் பெற்றுக்கொண்ட தோழர்கள், அது ஆகுமானதா என்ற தயக்கத்தோடு மதீனா திரும்பியபோது, நபியவர்கள் அதை அங்கீகரித்ததுடன் தமக்கும் அதில் ஒரு பங்கு வைக்கச் சொன்னார்கள். இவ்விரு செய்திகளும் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.

ஆகவே, சம்பளம் நிய்யத்தைக் கெடுப்பதில்லை. சிகிச்சை எதுவாக இருக்க வேண்டும் என்பதைச் சம்பளமோ கமிஷனோ தீர்மானிக்கத் தொடங்கும்போதுதான் அது கெடுகிறது. தேவையில்லாத ஸ்கேன் ஒன்றை எழுதிக்கொடுத்துப் பங்கு பெறுவது நோயாளியின் நம்பிக்கைக்குச் செய்யும் மோசடி. "நம்மை ஏமாற்றியவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர்" என்ற நபிமொழியின் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். உங்கள் எண்ணத்தை நீங்களே சோதிக்க விரும்பினால், பணவசதி இல்லாத நோயாளிக்கும் வசதியுள்ளவருக்குச் சொல்லும் அதே பொறுமையுடன் நோயின் நிலையை விளக்குகிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: "ஷிஃபா (குணம்) தருபவன் அல்லாஹ்" என்று சொல்லி, என் தகப்பனார் சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டார். தவக்குல் (அல்லாஹ்வையே முழுமையாகச் சார்ந்திருப்பது) என்பது இதுதானா?

பதில்: ஷிஃபா அல்லாஹ்விடமிருந்தே வருகிறது என்ற அவருடைய நம்பிக்கை சரியானது, "நான் நோயுற்றால் அவனே என்னைக் குணப்படுத்துகிறான்" என்ற இப்ராஹீம் (அலை) அவர்களின் சொல்லைக் குர்ஆன் (26:80) எடுத்துரைக்கிறது. ஆனால், மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, "அல்லாஹ்வின் அடியார்களே, மருத்துவம் செய்துகொள்ளுங்கள்" என்றும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அவன் மருந்தை வைத்திருக்கிறான் என்றும் நபியவர்கள் பதிலளித்ததை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். 1992-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி, சிகிச்சையைக் கைவிடுவதால் உயிரோ உறுப்போ இழக்கப்படும் நிலை இருந்தால் சிகிச்சை கடமையாகிறது என்று தீர்மானித்தது. சர்க்கரை நோய் காலையும் கண்ணையும் பறிக்கக்கூடியது என்பதை அவருக்கு மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். தொழுகையில் நிற்கவும் குடும்பத்தின் ஹக்கை (உரிமையை) நிறைவேற்றவும் வலு வேண்டும் என்ற நிய்யத்துடன் விழுங்கப்படும் மாத்திரைக்கும் நன்மை உண்டு என்று நம்புகிறோம்.

கேள்வி: மருத்துவம் படிக்காதவர், உதவும் நோக்கத்தில் அக்கம்பக்கத்தாருக்கு ஊசி போடலாமா?

பதில்: கூடாது. மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் சிகிச்சை செய்தால், நேரும் பாதிப்புக்கு அவரே பொறுப்பாளி என்று அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்ற நபிமொழி கூறுகிறது.

கேள்வி: அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுக்கும் எங்கள் அமைப்பு, நோயாளியுடன் எடுத்த புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் பகிர்கிறது. இது ரியாவில் (பிறர் பார்த்துப் புகழ வேண்டும் என்று நற்செயல் செய்வதில்) சேருமா?

பதில்: பிறரையும் கொடுக்கத் தூண்டும் நோக்கம் இருக்கலாம், தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்று குர்ஆன் (2:271) சொல்கிறது. எனினும், உள்ளத்தில் ரியா இருக்கிறதா என்ற கேள்விக்கு முன்பாக, எனக்கு இங்கே பெரிதாகத் தெரிவது அந்த நோயாளியின் மானம். மகனின் ஆபரேஷனுக்குப் பணம் தேடி நிற்கும் ஒரு தாய் புகைப்படத்துக்குச் சம்மதித்தார் என்றால், மறுக்க முடியாத இடத்தில் அவர் நின்றார் என்பதே பொருள். நோயின் விவரத்தையும் தேவைப்படும் தொகையையும் மட்டும் அறிவியுங்கள். முகத்தையும் பெயரையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகளின் சிகிச்சைக்காகத் திரட்டப்பட்ட தொகையில் கொஞ்சம் மீதி இருக்கிறது. அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: சிகிச்சைக்கென்று தரப்பட்ட பணம் உங்களிடம் உள்ள அமானிதம் (நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள்), தந்தவர்களின் அனுமதியின்றி வேறு செலவுக்குத் திருப்ப வேண்டாம். மகளின் மருந்துக்கும் மறுபரிசோதனைக்கும் தேவையான அளவை வைத்துக்கொண்டு, எஞ்சியதைத் திரட்டித் தந்தவர்களிடம் கணக்குடன் சொல்லுங்கள். அவர்கள் மனமுவந்து உங்களுக்கே விட்டுக்கொடுத்தால் அது உங்களுக்கு ஹலால், இல்லையேல் இன்னொரு நோயாளிக்குச் செல்லட்டும்.