அப்பா கண் திறக்கிறார், ஆனால் பேசுவதில்லை. நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்குமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 52. பைக் விபத்தில் தலையில் அடிபட்டு மூன்று மாதம் ஆகிறது. பகலில் கண் திறக்கிறார், இரவில் தூங்குகிறார், கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. "அவருக்கு எதுவும் தெரியாதும்மா" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா?

பதில்: அப்படி இப்போதே யாரும் அடித்துச் சொல்ல முடியாதம்மா.

கண் திறந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தூக்கத்தையும் விழிப்பையும் மூளையின் அடியில் இருக்கும் மூளைத்தண்டே பார்த்துக்கொள்ளும். கூப்பிடுவது மகள் என்று புரிவதற்குப் பெருமூளையும் வேலை செய்ய வேண்டும். அது நடக்கிறதா என்று பார்க்க, "கையைத் தூக்குங்க" என்று சொல்லி, தூக்குகிறாரா என்றுதான் மருத்துவர்கள் நாங்களும் சோதிக்கிறோம். புரிந்தும் கை வராதவர் என்ன செய்வார்?

2006-ல் இங்கிலாந்தில் மூளை ஆராய்ச்சியாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் எதற்குமே அசையாத 23 வயதுப் பெண்ணை, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உடல் அசைவைத் திட்டமிடும் பகுதி வேலை செய்தது. வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாக நடப்பதாக நினைக்கச் சொன்னபோது, இடங்களை அடையாளம் காணும் பகுதி. நலமாக இருப்பவர்களிடம் வருவது போலவே வந்தது! 2024-ல் வெளியான பெரிய ஆய்வில், சொன்னதைச் செய்யாத 241 பேரில் 60 பேருக்கு மூளை மட்டும் இப்படிப் பதில் சொன்னது. நான்கில் ஒருவர்.

அப்பா அந்த ஒருவர்தானா என்பதை வழக்கமான எம்.ஆர்.ஐ. காட்டாது, ஓவன் செய்த சோதனை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களில்தான் நடக்கிறது. அதைத் தேடிக் கடன் வாங்காதீர்கள். வீட்டிலேயே ஒன்று செய்யலாம். அவரைச் சாய்த்து உட்கார வைத்து, முகம் தெரியும்படி ஒரு கண்ணாடியைப் பிடித்து மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். கண் பின்தொடர்ந்தால் அது பெரிய விஷயம். ஒரு தடவை பார்த்துவிட்டு விட வேண்டாம், இவர்களுக்கு நேரத்துக்கு நேரம் நிலைமை மாறும், அதனால் காலை, மாலை, வேறு வேறு நாட்களில் பார்த்து, போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், வலிப்பு மாத்திரையால் மயக்கம் கூடியிருக்கிறதா, தலைக்குள் நீர் கோத்திருக்கிறதா, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த மூன்றும் சரிசெய்யக்கூடியவை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சொந்தக்காரர்கள் பேசுவதை மட்டும் இன்றைக்கே அந்த அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.